டிரிகரை மாற்றித் தாருங்கள்: நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். மரப்பெட்டிப் பிரிவில் போன வாரம் ஒன்பதாம் நம்பர் நெயில் கன்னில், அதாவது காற்றழுத்தத்தில் ஆணியடிக்கும் துப்பாக்கியில், நடந்தது உங்களுக்குத் தெரியும். விபத்துப் பதிவேட்டில் 'கவனக்குறைவு' என்று ஒரே வார்த்தையில் எழுதி முடித்துவிட்டீர்கள். அப்போது பக்கத்து மேசையில் நின்றவன் நான். அந்த ஒரு வார்த்தை எனக்குச் செரிக்கவில்லை.

பலகை லேசாக வளைந்திருந்தது. இடது கையால் இழுத்துப் பிடித்தால்தான் சட்டத்தோடு ஒட்டும். கூட வேலை செய்யும் தம்பி அப்படித்தான் பிடித்திருந்தான். ஒருமுறைதான் அழுத்தினான். 'பட்' என்று வரவேண்டிய சத்தம் 'பட்பட்' என்று வந்தது. முதல் ஆணி சரியாகவே இறங்கியது. உதைப்பில் எகிறிய கன் மறுபடி மரத்தில் உட்கார்ந்தபோது அவன் விரல் இன்னும் டிரிகரை விடவில்லை. இரண்டாவது ஆணி முதல் ஆணியின் தலையில் பட்டுச் சறுக்கி, ஆள்காட்டி விரலைத் துளைத்துக்கொண்டு பலகைக்குள் போய்விட்டது.

அவன் கத்தவில்லை. "அண்ணே, கையை எடுக்க வரலண்ணே" என்று மட்டும் சொன்னான்.

சூப்பர்வைசர் குறடோடு ஓடி வந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் நாம் அடிப்பது உடம்பெல்லாம் வளைய வரி போட்ட ஆணி. மரத்தை விட்டு வரக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தது, விரலை விட்டு மட்டும் லேசில் வந்துவிடுமா? கன்னுக்குக் காற்று வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு, விரலுக்கு இரண்டு பக்கமும் பலகையை அறுத்து, துண்டோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஆணிகளைக் கோத்திருக்கும் கம்பியின் துணுக்கு ஒன்று காயத்துக்குள் கிடந்தது எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. குறடால் இழுத்திருந்தால் அது உள்ளேயே தங்கியிருக்கும்.

இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது? நம்மிடம் இருப்பதெல்லாம் கான்டாக்ட் டிரிகர். விரல் டிரிகரில் இருக்கும்வரை, கன்னின் நுனியில் அழுத்தினால் உள்ளே போகும் மூக்கு எதில் பட்டாலும் அது சுடும். மரமா, முழங்காலா என்று பார்க்காது. சீக்வென்ஷியல் டிரிகர் அப்படியில்லை. முதலில் மூக்கை மரத்தில் அழுத்த வேண்டும், அப்புறம் டிரிகர். அடுத்த ஆணிக்கு இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். எகிறிக் குதித்தாலும் இரண்டாவது ஆணி வராது. நாங்கள் கேட்பது இது ஒன்றுதான்: எல்லாக் கன்னுக்கும் சீக்வென்ஷியல் டிரிகர்.

வேகம் குறையும் என்பீர்கள். அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்புகளான நயோஷும் ஓஷாவும் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட வழிகாட்டியைப் பாருங்கள். கான்டாக்ட் டிரிகரில் காயப்படும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு என்கிறது. தச்சர்களை வைத்துக் கொட்டகைகள் கட்டிப் பார்த்த கணக்கும் அதில் உண்டு. கான்டாக்ட் டிரிகரால் ஆணியடிக்கும் நேரத்தில் கிடைத்த லாபம் 10 சதவீதம். மொத்த வேலை நேரத்தோடு வைத்துப் பார்த்தால் அது 1 சதவீதம்கூட இல்லை. பலகையை அறுத்துத் தம்பியின் விரலை எடுத்த அன்று நம் பிரிவு எத்தனை மணி நேரம் நின்றது என்பதையும் அந்தக் கணக்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

விபத்துக்கு மறுநாளே 'கவனமாக வேலை செய்யவும்' என்று பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டீர்கள். நன்றி. ஆணிகள் அதைப் படித்துவிட்டுத் திருந்திவிடும் என்று நம்புகிறோம். அதே சுவரில் கீழே தொங்கும் பிரஷர் கேஜ் எத்தனை நாளாக உடைந்திருக்கிறது என்று ஒட்டியவர் பார்த்திருக்கலாம். எந்த அழுத்தத்தில் அடிக்கிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது. ஆணித்தலை மேலே நின்றால் கூட்டு, பலகை பிளந்தால் குறை, அவ்வளவுதான். காற்று டேங்கில் தேங்கும் தண்ணீரைத் திறந்துவிட ஆள் கிடையாது, எண்ணெய் இல்லாமல் கன் அடிக்கடி சிக்குகிறது. சிக்கெடுக்கும்போது ஹோஸைக் கழற்றினால் "நேரம் வீணாகிறது" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அப்புறம் அந்த ஸ்டேப்ளர்கள்! அவற்றுக்கு மூக்கே கிடையாது, டிரிகரைத் தொட்டால் சுடும். இரண்டு கன்களில், எதிலும் அழுத்தாமலே டிரிகரில் சுடும்படி, மூக்கை மேலே தூக்கிக் கம்பியால் கட்டி வைத்திருப்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. கட்டியது எங்கள் ஆட்கள்தான், மறைக்கவில்லை. தினசரி எண்ணிக்கைப் பலகையில் யார் பேர் மேலே, யார் பேர் கீழே என்று எழுதுவது நீங்கள்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். இதையெல்லாம் நாளைக்கே சரிசெய்யுங்கள் என்று கேட்கவில்லை. டிரிகரை மட்டும் முதலில் மாற்றித் தாருங்கள். பல மாடல்களுக்குத் தனி டிரிகர் கிட்டாகவே கிடைக்கிறது, புது கன் வாங்க வேண்டியதில்லை. கூடவே பதிவேட்டில் அந்த ஒரு வார்த்தையை அடித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தம்பி கட்டுப் பிரித்து அடுத்த வாரம் வேலைக்கு வருகிறான். ஒன்பதாம் நம்பர் கன் அதே டிரிகரோடு அவன் கொக்கியில்தான் தொங்குகிறது.

இப்படிக்கு,
மரப்பெட்டிப் பிரிவுத் தொழிலாளி ஒருவன்