நுண்துகள் கலர் பிலிம்: பெட்டியில் உள்ள எண்ணை மட்டும் நம்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிலிம் கேமரா பக்கம் இளைஞர்கள் திரும்புவதைப் பற்றித் தங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரை மகிழ்ச்சி தந்தது. ஆனால் புதிதாக வருபவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 400 வேகப் பிலிம் (இந்த எண் பிலிம் ஒளியை உணரும் வேகம்; ஐஎஸ்ஓ என்பார்கள்) வாங்கலாம், படத்தில் துகள், அதாவது மணல்போன்ற புள்ளிகள், தெரிவது பிலிமின் இயல்பு என்ற பொருளில் அதில் எழுதியிருந்ததை ஒப்புக்கொள்ள முடியவில்லை. நம் ஊர் வெயிலுக்கு 100, 160 வேக நெகட்டிவ் பிலிமே பொருத்தமானது. அதில் கரகரவென்று துகள் தெரிந்தால், பத்துக்கு எட்டுத் தடவை பிலிமைக் குறை சொல்ல முடியாது. ஒளி போதவில்லை என்றுதான் அர்த்தம்.

முதலில் பிலிம் தேர்வு. 35 மி.மீ. சுருளிலிருந்து போடும் பிரிண்டில் துகள் எவ்வளவு கண்ணுக்குத் தெரியும் என்பதற்குக் கோடக் நிறுவனம் 'பிரிண்ட் கிரெயின் இண்டெக்ஸ்' என்று ஓர் அளவு வைத்திருக்கிறது. 25 என்பது துகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் எல்லை. நான்கு எண் கூடினால் பெரும்பாலோர் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். 4க்கு 6 அங்குலப் பிரிண்டில் கோடக்கின் எக்டார் 100 பிலிம் அந்த 25-க்கும் கீழே நிற்கிறது. போர்ட்ரா 160-க்கு 28, போர்ட்ரா 400-க்கு 37. கோல்டு 200-க்கு 44, அல்ட்ராமேக்ஸ் 400-க்கு 46. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: 400 வேகமுள்ள போர்ட்ராவில் தெரிவதைவிட 200 வேகமுள்ள கோல்டில் துகள் அதிகம். வேகம் குறைந்தால் துகளும் குறையும் என்பது ஒரே குடும்பப் பிலிம்களுக்குள் செல்லும். விலை குறைந்த பிலிமையும் தொழில்முறைப் பிலிமையும் பக்கத்தில் வைத்தால் செல்லாது. ப்ரோ இமேஜ் 100-ம் எக்டார் 100-ம் ஒரே எண்ணைத் தாங்கியிருந்தாலும் துகளில் இரண்டும் ஒன்றல்ல. ப்ரோ இமேஜுக்கு வேறொரு நல்ல குணம் இருக்கிறது: குளிர்பெட்டி இல்லாத வெப்பமான ஊர்க் கடைகளில் கெடாமல் இருக்கும்படி செய்யப்பட்டது அது.

எக்டார் 100, 35 மி.மீ. வடிவில் 2008-ல் வந்தது. சினிமாவுக்கான விஷன் 3 பிலிம்களுக்காக உருவான தொழில்நுட்பத்தின் ஒரு பகுதி அதற்குள் இருக்கிறது. நிறம் அழுத்தமாக விழும். கோபுரம், வயல், கடல், பூச்சந்தை எல்லாவற்றுக்கும் அருமை. முகங்களுக்கு மட்டும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மாலை வெயிலில் நம் மாநிறத் தோல் செங்கல் நிறத்துக்கு ஓடிவிடும். நிழலில் நிறுத்தி எடுத்தால் நீலம் ஏறும். கல்யாணம், குழந்தைகள், குடும்பப் படம் என்றால் போர்ட்ரா 160 வாங்குங்கள். துகளில் சிறிது விட்டுக்கொடுத்தாலும் தோல் நிறம் தோல் நிறமாகவே இருக்கும். எக்டாரில்தான் முகம் எடுத்தாக வேண்டும் என்றால், திறந்த நிழலில் 81ஏ என்ற இளம் மஞ்சள் ஃபில்டரைப் போடுங்கள். மூன்றில் ஒரு ஸ்டாப் ஒளிதான் குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது); நீலம் பெருமளவு அடங்கும்.

இனி முக்கியமான விஷயம். கலர் நெகட்டிவில் கடைசியில் மிஞ்சுவது வெள்ளி அல்ல, சாயம். பிலிமைக் கழுவும் ரசாயனமான டெவலப்பரில் வெள்ளிப் படிகம் கருக்கும்போது அதைச் சுற்றிச் சாயம் சிறு மேகம்போல உருவாகிறது. பிறகு பிளீச்சும் ஃபிக்ஸரும் வெள்ளியைக் கழுவி எடுத்துவிடுகின்றன. சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றைப் பதியும் ஒவ்வோர் அடுக்கும் தனக்குள் வேகமான பூச்சு, மெதுவான பூச்சு என்று பிரிந்திருக்கும். வேகமான பூச்சில் பெரிய படிகங்கள், மெதுவானதில் சிறியவை. ஒளி குறைந்தால் பெரிய படிகங்கள் மட்டுமே வேலை செய்கின்றன. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சாயம் விழுந்து இடைவெளி தெரிகிறது. அதுதான் நிழல் பகுதியில் காணும் கரகரப்பு. ஒளி தாராளமாக விழுந்தால் சிறிய படிகங்களும் சேர்ந்து வேலை செய்து, சாய மேகங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து இடைவெளி மூடிக்கொள்கிறது. கருப்பு வெள்ளையில் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். அங்கே ஒளி அதிகமாகி ஓவர் ஆனால் துகள் கூடும், கலர் நெகட்டிவில் குறையும்.

ஆகவே எக்டாரைப் போட்டதும் கேமராவின் ஐஎஸ்ஓ எண்ணை 100-ல் வைக்காமல் 80 அல்லது 64-ல் வையுங்கள்; எண் குறைந்தால் பிலிமுக்குக் கூடுதல் ஒளி கிடைக்கும். போர்ட்ரா 160-ஐ 100-ல் வையுங்கள். ஒரு ஸ்டாப் வரை ஓவர் ஆவதால் எக்டாருக்கு நஷ்டம் இல்லை. இரண்டு மூன்று ஸ்டாப் போனால் போர்ட்ரா தாங்கும். எக்டாரில் வானமும் வெளிர் நிறங்களும் ஸ்கேனில் சரிசெய்ய முடியாதபடி திரியும். ஒளி குறையும் அண்டர் பக்கம் எக்டாருக்குப் பொறுமையே கிடையாது. ஒரு ஸ்டாப் குறைந்தாலே நிழல்கள் நீலப்பச்சையாகும், துகளும் மேலே வந்துவிடும். அதற்குக் கொடுத்த விலை அத்தோடு வீண்.

உச்சி வெயிலில் 100 பிலிமுக்கு ஷட்டர் 1/125 விநாடி, அபர்ச்சர் என்ற லென்ஸ் துளை எஃப் 11 போதும்; எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும். கடற்கரை மணலில் எஃப் 16. மெல்லிய மேகத்துக்கு எஃப் 8, மூடிய வானத்துக்கு எஃப் 5.6, திறந்த நிழலுக்கு எஃப் 4. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கேமராவின் ஒளி மீட்டர் சொல்லும் தவறுகளைப் பிடித்துவிடலாம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைக் கீழிருந்து எடுக்கும்போது படச் சட்டத்தில் பாதி வெளிறிய வானம்தான் இருக்கும். மீட்டர் வானத்தைப் பார்த்துவிட்டு எஃப் 22 என்று சொல்லும், கல் கருத்துப்போகும். கேமராவைத் தாழ்த்தி, வெயில் படும் கல்லையோ தரையையோ மட்டும் அளந்து, அந்த அளவை மாற்றாமல் சட்டத்தை அமையுங்கள். வெள்ளை வேட்டி சட்டைக் கூட்டத்திலும் இதே ஏமாற்று நடக்கும். நிழலில் விவரம் வேண்டும் என்றால் அந்த நிழலை அருகில் சென்று அளந்து, அதிலிருந்து இரண்டு ஸ்டாப் மட்டும் குறைத்து எடுங்கள்.

பழைய கேமராவில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அறுபது, எழுபதுகளில் வந்த பல கேமராக்களின் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அந்த பேட்டரி இப்போது கிடையாது. கடையில் கொடுக்கும் 1.5 வோல்ட் ஆல்கலைனைப் போட்டால், மின்னழுத்தத்தைத் தானே சரிசெய்துகொள்ளாத மாடல்களில் முள் கூடுதலாக ஏறும். ஒளி அதிகம் என்று நம்பி நாம் அபர்ச்சரை மூடுவோம், சுருள் முழுக்க அண்டர் ஆகும். காது கேட்கும் கருவிக்கு விற்கும் 675 எண் ஜிங்க் ஏர் பேட்டரி 1.4 வோல்ட். ஒரு சிறு வளையம் வைத்து அதைப் பொருத்தினால் அளவு சரியாக வரும். மேலே ஒட்டிய தாளை உரித்தபின் சில மாதங்களில் தீர்ந்துவிடும் என்பது மட்டுமே குறை. சோதிக்க எளிய வழி: பகல் பன்னிரண்டு மணிக்கு வெயில் படும் புல்தரையைக் குறிவைத்து, 100 வேகம், 1/125 வையுங்கள். எஃப் 11-க்கும் 16-க்கும் இடையில் காட்ட வேண்டும். எஃப் 22 காட்டினால் மீட்டரை நம்பாதீர்கள்.

எல்லா கேமராவுக்கும் நுண்துகள் பிலிம் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அபர்ச்சரும் ஷட்டரும் மாற்ற முடியாத பிளாஸ்டிக் கேமராக்களுக்கு 400தான் சரி. அந்த அளவில் கட்டுரை சொன்னது உண்மை. பயன்படுத்தித் தூக்கிப்போடும் கேமராவுக்குள் 800 வேகப் பிலிம் வைத்து விற்பதும் அதனால்தான். கோயில் மண்டபத்துக்குள்ளும் மாலை ஆறரைக்கு மேலும் 100 பிலிமைக் கையில் பிடித்து எடுப்பது வேண்டாம். 1/15-ல் கை நடுங்கி மங்கிய படத்தில் துகள் இல்லாதிருந்து என்ன பயன்? முக்காலி வையுங்கள், தொல்லியல் துறை இடங்களில் அதற்கு அனுமதி கேளுங்கள், இல்லையென்றால் போர்ட்ரா 400-க்கு மாறுங்கள். 120 என்ற அகலப் பிலிம் போடும் கேமரா இருந்தால் கதையே வேறு. 6க்கு 6 செ.மீ. சட்டத்தின் பரப்பு 35 மி.மீ. சட்டத்தைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல். அதே பிரிண்டுக்குப் பெருக்கம் குறைவதால் அதில் 400 பிலிமே நுண்மையாகத் தெரியும்.

சினிமா பிலிமை வெட்டிச் சுருட்டி விற்பதையும் சிலர் வாங்குகிறார்கள். விஷன் 3-இல் 50டி என்ற பகலொளிப் பிலிமின் துகள் உண்மையிலேயே மிக நுண்ணியது. ஆனால் ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சு பின்புறம் உள்ள சுருளைச் சொல்லாமல் பிலிம் கழுவும் சாதாரண லேபில் கொடுத்தால், அந்தக் கரி இயந்திரம் முழுக்கப் பரவி மற்றவர்கள் படத்தையும் கெடுக்கும். அதற்கு ஈசிஎன்-2 என்ற தனி முறை வேண்டும். டெவலப்பர் ரசாயனமே வேறு. வாங்கும்போதே எந்த முறையில் கழுவ வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.

ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலை மூடிய பிறகு நமக்கு எல்லாமே இறக்குமதிதான். கலர் பிலிம் வழியில் எவ்வளவு வெப்பம் பட்டு வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே கண்ணாடி அலமாரியில் வெயில் படும்படி அடுக்கிய கடையைத் தவிர்த்து, குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பவரிடம் வாங்குங்கள். காலாவதிச் சுருள் பாதி விலைக்குக் கிடைத்தாலும் நுண்துகளுக்காக வாங்குவது வீண். வயதாக ஆக, ஒளி படாமலே பிலிமில் மூட்டம் ஏறி, நிழல் பகுதி முதலில் கரகரக்கும். வீட்டில் ஃபிரிட்ஜில் டப்பா மூடியோடு வையுங்கள். எடுத்ததும் திறக்காமல் இரண்டு மணி நேரம் வெளியே விடுங்கள். சென்னை, கடலூர் ஈரக் காற்றில் உடனே திறந்தால் பிலிம்மேல் நீர் வியர்த்து, புள்ளி புள்ளியாகக் கறை விழும். எடுத்து முடித்த சுருளைப் பைக் பெட்டியில் போட்டு மறக்காதீர்கள். விமானப் பயணத்தில் பிலிமை செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. கைப்பைக்கான புதிய சிடி ஸ்கேனர்களும் பிலிமைப் பாதிக்கும். கையால் சோதிக்கும்படி கேளுங்கள்.

லேபில் பெரும்பாலோர் ஸ்கேனை மட்டும் வாங்கிக்கொண்டு நெகட்டிவை விட்டுவிடுகிறார்கள். தவறு எங்கே என்று சொல்லும் சாட்சியே அந்த நெகட்டிவ்தான். அதை வெள்ளை ஒளிப் பலகையில் வைத்து விளிம்பைப் பாருங்கள். ஆலையிலேயே பதித்த பிலிம் பெயரும் சட்ட எண்களும் அங்கே இருக்கும். அவை அழுத்தமாக இருந்து, படம் மட்டும் கண்ணாடிபோல வெளிறியிருந்தால் நாம் ஒளி போதாமல் எடுத்திருக்கிறோம். விளிம்பு எழுத்தும் சேர்ந்து மங்கியிருந்தால் டெவலப்பர் தளர்ந்திருக்கிறது. எழுத்து நன்றாக இருந்து, நெகட்டிவ் முழுக்க அழுக்குப் படிந்ததுபோல மந்தமாகக் கனத்திருந்தால் பிளீச் முழுமையாகவில்லை, வெள்ளி உள்ளேயே தங்கிவிட்டது என்று சந்தேகிக்கலாம். அந்த வெள்ளியும் துகளாகத் தெரியும். இதற்கு மட்டும் மருந்து உண்டு. சுருளை மறுபடி நல்ல பிளீச்சிலும் ஃபிக்ஸரிலும் ஓட்டினால் வெள்ளி போய்விடும், சாயத்துக்கு ஒன்றும் ஆகாது.

8 மடங்கு பெருக்கும் லூப் என்ற கண்ணாடியை வைத்துப் பார்க்கும்போது நெகட்டிவ் வழவழப்பாக இருந்து ஸ்கேனில் மட்டும் மணல் தெரிந்தால், அது ஸ்கேனர் சேர்த்த கூர்மை. ஷார்ப்பனிங்கை அணைத்து, டிஃப் (TIFF) கோப்பாகத் தரும்படி கேளுங்கள். 35 மி.மீ. சட்டத்தை 4000 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் சுமார் 21 மெகாபிக்சல் வரும். எக்டாரில் இருப்பதைப் பார்க்க அது போதும்.

கலர் நெகட்டிவைக் கழுவும் சி-41 முறையில் டெவலப்பர் 37.8 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் 15 விநாடி ஓட வேண்டும். வெப்பத்தில் கால் டிகிரி பிசகினாலும் நிறம் சாயும். அதைவிடப் பெரிய பிரச்சினை, சுருள் வரத்துக் குறைந்த லேப்களில் டெவலப்பர் தொட்டியிலேயே காற்றுப்பட்டுக் கெடுவது. தினமும் நாலைந்து சுருளை ஓட்டுவதைவிட வாரத்தில் ஒரு நாள் சேர்த்து, கன்ட்ரோல் ஸ்ட்ரிப் என்ற சோதனைத் துண்டை ஓட்டிச் சோதித்தபின் கழுவும் லேபே நல்லது. தமிழகத்தில் இப்போது சி-41 கழுவும் லேப்கள் எவை, எந்த நாளில் ஓட்டுகிறார்கள், கன்ட்ரோல் ஸ்ட்ரிப் வைத்துச் சோதிக்கிறார்களா, நெகட்டிவை உறையிலிட்டுத் திருப்பித் தருகிறார்களா என்று தங்கள் நிருபர்கள் விசாரித்து ஒரு பட்டியல் வெளியிட வேண்டுகிறேன். மாவட்டங்களிலிருந்து சுருளைத் தபாலில் அனுப்புகிறவர்களுக்கு இப்போது அந்த விவரம் ஒரே இடத்தில் தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சி.