மன்னர் அவர்களே, எங்கள் ஊர்க்காரரின் உடலைக் கொடுத்துவிடுங்கள்

செயின்ட் ஜெர்மன்ஸ், கார்ன்வால்
டிசம்பர் 1632

மாட்சிமை தங்கிய மன்னர் சார்லஸ் அவர்களுக்கு, செயின்ட் ஜெர்மன்ஸ் ஊரார் வணங்கி எழுதுவது.

நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த எங்கள் சர் ஜான் எலியட் நவம்பர் 27 அன்று லண்டன் டவர் சிறையில் காலமானார். ஏன் அடைபட்டார் என்பது தாங்கள் அறியாததல்ல. உடலைக் கார்ன்வாலுக்குக் கொண்டுவர அனுமதி கேட்டு அவர் மகன் மனு கொடுத்தார். எந்தத் திருச்சபை எல்லையில் இறந்தாரோ அங்குள்ள தேவாலயத்திலேயே புதைக்கலாம் என்று மனுவின் அடியிலேயே எழுதி அனுப்பிவிட்டீர்கள். டவருக்குள் இருக்கும் செயின்ட் பீட்டர் தேவாலயத்தில் புதைத்தும் ஆயிற்று. செத்த பிறகுமா காவல்?

போன குளிர்காலத்தில் அவரை வேறு அறைக்கு மாற்றினார்கள். அங்கே மெழுகுவர்த்தி ஏற்றலாம், கணப்புதான் அரிது என்று நண்பர் ஹாம்டனுக்கு அவரே எழுதியிருக்கிறார். காசநோய்க்காரருக்கு டிசம்பர் மாதத்தில், கல் சுவருக்குள் அந்த அறை. நோய் முற்றியதும், கொஞ்சம் நல்ல காற்று வாங்க விடுங்கள் என்று தங்களுக்கு விண்ணப்பித்தார். பணிவு போதாது என்றீர்கள். மூச்சு விடவே திணறுகிறவர் இன்னும் எவ்வளவுதான் குனிவது? ஒரு வார்த்தை, தப்புதான் என்று சொல்லியிருந்தால் வீடு வந்து சேர்ந்திருப்பார். நாடாளுமன்றத்தில் பேசியதற்கு நாடாளுமன்றத்துக்கு வெளியே பதில் சொல்ல மாட்டேன் என்று கடைசிவரை இருந்துவிட்டார். பிடிவாதக்காரர்தான், எங்களுக்குத் தெரியாதா?

உடலைக் கொடுங்கள். இவ்வளவுதான் கேட்கிறோம்.

1623இல் டெவன் கடற்கரையில் நட் என்ற கொள்ளைக்காரனைப் பிடித்தவர் இவர். அரண்மனையில் ஆள் இருந்ததால் நட் வெளியே போனான், பிடித்தவர் உள்ளே போனார். அது தங்கள் தந்தையார் காலம். தங்கள் காலத்தில் முறை மாறவில்லை என்பதில் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் சுங்கம் வசூலிக்கக் கூடாது என்று 1629 மார்ச்சில் எலியட் தீர்மானம் கொண்டுவந்தார்; அன்று சபாநாயகர் எழுந்து போகாதபடி நாற்காலியோடு பிடித்து அமுக்கியவர்கள் வேறு இருவர். அதன் பிறகு நாடாளுமன்றமே கூடவில்லை. சுங்கம் மட்டும் ஒழுங்காக வசூலாகிறது. சரி, அந்த வழக்கை நாங்கள் இங்கே பேச வரவில்லை. மன்னிக்க வேண்டும்.

அந்த வழக்கில் விதித்த 2,000 பவுன் அபராதம் நிலுவையில் இருப்பதால்தான் உடல் பிணையாக இருக்கிறதென்றால் அதையாவது வெளிப்படையாகச் சொல்லுங்கள். தன்னிடம் இருப்பது இரண்டு மேலங்கி, இரண்டு ஜோடி உடுப்பு, இரண்டு ஜோடி பூட்ஸ், சில புத்தகங்கள், அதில் 2,000 பவுன் தேறினால் எடுத்துக்கொள்ளட்டும் என்று அவர் அப்போதே சொல்லிவிட்டார். அவற்றைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம்.

பெட்டி, வண்டி, இருநூறு மைலுக்கு மேற்பட்ட வழிச்செலவு எல்லாம் எங்கள் பொறுப்பு. கருவூலத்துக்கு ஒரு பென்னி செலவில்லை. கல்லறையைத் திறக்க டவர் அதிகாரிக்கு ஓர் உத்தரவு மட்டும் தரும்படி மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இந்தப் பணிவும் போதாதென்றால், எவ்வளவு வேண்டும் என்று எழுதியனுப்புங்கள்.

இப்படிக்கு,
செயின்ட் ஜெர்மன்ஸ் ஊரார்