நூலகச் சுவர் ஓவியம்: வெள்ளி, சனி வேலை

எல்லாருக்கும் வணக்கம். நம்ம நூலக முன்சுவரில் பிள்ளைகள் வரையப்போகும் படம் முடிவாகிவிட்டது, சித்தன்னவாசல் தாமரைக் குளம். 9ஆம் நூற்றாண்டு ஓவியம். மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கிறவர்கள் என்று ஆளுக்கொன்று கிடைக்கும், சண்டை வராது. அப்படியே காப்பியடிக்க வேண்டாம், நம்ம கண்மாய்க் கொக்கையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

சுவரில் பழைய சுண்ணாம்பு இருக்கிறது. அதன் மேலேயே பெயிண்ட் அடித்தால் ஒரு மழைக்கே செதில் செதிலாக உரிந்துவிடும், போன தடவை பேருந்து நிழற்குடையில் பட்டது போதும். அதனால் வெள்ளி மாலை பெரியவர்கள் மட்டும் வந்து சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்துவிடுவோம்.

சனி காலை 7 மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடட்டும், 10 மணிக்கு மேல் அந்தச் சுவரில் கை வைக்க முடியாது, அவ்வளவு வெயில். தாளில் 1 அங்குலக் கட்டம், சுவரில் 1 அடிக் கட்டம், அதைப் பார்த்து வரைந்தால் யானை கோணாது. கோணினாலும் பரவாயில்லை, திருத்துகிறேன் என்று யாரும் பிரஷ்ஷைப் பிடுங்காதீர்கள். ஏணியில் பெரியவர்கள் மட்டும்தான்.

எமல்ஷன் போதும், டர்பன்டைன் கலக்கிற எனாமல் வேண்டாம். அப்புறம், பழைய சட்டையும் பெயிண்ட் ஊற்ற நாலைந்து கொட்டாங்கச்சியும் கொடுத்தனுப்புங்கள்.