கடன் விளம்பரத்தில் கடன் கொடுப்பவரின் பெயரைப் போட வையுங்கள்: ரிசர்வ் வங்கிக்கு ஒரு திறந்த மடல்

ரிசர்வ் வங்கி ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம். ‘ஐந்தே நிமிடத்தில் கடன், ஆவணம் வேண்டாம், கட்டணம் இல்லை’ என்று போனைத் திறந்தாலே வந்து நிற்கும் விளம்பரங்களைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2022 செப்டம்பரில் இவற்றுக்காகத்தான் விதிகள் போட்டீர்கள். அதற்கு அப்புறமும் எங்கள் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

என் அக்கா மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட ஒரு செயலியில் 5,000 ரூபாய் கேட்டாள். கைக்கு வந்தது 3,200. சேவைக் கட்டணம், சரிபார்ப்புக் கட்டணம், ஜிஎஸ்டி என்று 1,800 ரூபாயை முன்னாடியே பிடித்துவிட்டார்கள். ஏழாம் நாள் முழு 5,000 கட்ட வேண்டும். வாங்கிய பணத்துக்கு ஒரே வாரத்தில் நூற்றுக்கு 56 ரூபாய்! மீட்டர் வட்டிக்காரர்கூட இப்படிக் கேட்கத் தயங்குவார்.

எட்டாம் நாள் காலையில் அவள் முகத்தை ஏதோ ஒரு ஆபாசப் படத்தில் ஒட்டி, அவள் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். எனக்கு வந்தது, அவளுடைய சூப்பர்வைசருக்குப் போனது, பையனின் டீச்சருக்கும் போனது. இனி எந்த முகத்தோடு ஸ்கூல் வாசலில் போய் நிற்பேன் என்று அவள் கேட்டதற்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. கடன் வாங்கியவரின் தொடர்பு எண்களை எடுக்கக் கூடாது, மாலை ஏழு மணிக்கு மேல் வசூலுக்கு அழைக்கக் கூடாது என்று உங்கள் விதியில் இருக்கிறது. சரி, கடன் கொடுத்தது எந்த வங்கி, எந்த நிதி நிறுவனம் என்றே தெரியாதபோது அந்த விதியை யார் மீது காட்டுவது? உங்கள் குறைதீர்ப்பாளரும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் நிறுவனங்களைத்தான் விசாரிக்க முடியும்.

அதனால்தான் கேட்கிறேன். கடன் கொடுப்பவர் யார், எல்லாக் கட்டணமும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்பதை விளம்பரத்திலேயே, தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் போட வையுங்கள்.

2025 ஜூலை முதல் உங்கள் இணையதளத்தில் செயலிகளின் பட்டியல் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கொடுக்கும் விவரம் உங்கள் சரிபார்ப்பு இல்லாமலே அதில் ஏறும் என்று நீங்களே அறிவித்திருக்கிறீர்கள். மத்திய வங்கியே சரிபார்க்காததை, நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை செய்துவிட்டு வருகிற பெண் எப்படிச் சரிபார்ப்பாள்? கிளைக்குப் போனால் சம்பளச் சீட்டு கேட்கிறார்கள், இல்லையென்றால் நகை இருக்கிறதா என்கிறார்கள். இரண்டும் இல்லாதவர்களுக்கு அவசரத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்க ஒரு வங்கியும் முன்வராததால்தானே இந்தச் செயலிகள் பிழைக்கின்றன? எச்சரிக்கையாக இருங்கள் என்று எங்களுக்கே திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள், விளம்பரம் போட்டுக் காசு வாங்குகிறவர்களிடமும் அதே அளவு கண்டிப்பைக் காட்டுங்கள்.

கோபத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயரும் மொத்த வட்டியும் இல்லாத கடன் விளம்பரம் எதுவும் ஓடக் கூடாது, உங்கள் பட்டியலில் இல்லாத செயலிக்கு விளம்பரமே கூடாது. அரசோடு பேசி, அடுத்த ஜூனில் பள்ளி திறப்பதற்குள் இதைச் செய்து தர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.