உதவித்தொகை எந்தப் பையிலிருந்து வருகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மாணவர் கடன் பற்றிய செய்திகளில் பெரும்பாலும் இரண்டு எண்கள்தான் அச்சேறுகின்றன. ஒன்று அரசு ஒதுக்கிய தொகை, இன்னொன்று திரும்பி வராமல் நிற்கும் கடன். இரண்டுக்கும் நடுவே பல்கலைக்கழக நிதிப்பிரிவு என்று ஓர் அறை இருக்கிறது. ஒதுக்கிய பணம் எந்தத் தேதியில் யார் கணக்கில் ஏறுகிறது, ஏறாவிட்டால் மாணவர் பெயருக்கு எதிரே என்ன எழுதுகிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. பல மாணவர்களின் முதல் கடன் வங்கியில் பிறப்பதில்லை. அந்த அறையில் 'நிலுவை' என்ற பெயரில் பிறக்கிறது.

அரசுப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகை ஒரே பையிலிருந்து வருவதில்லை. வரிப்பணத்திலிருந்து வரும் மானியம் பெரியது. ஆனால் பட்ஜெட்டோடு ஏறி இறங்கும். தொழில் படுத்து, வேலை போய், உதவி கேட்டு வருவோர் கூடும் ஆண்டில்தான் அரசும் கையைச் சுருக்கும். அப்போது பல்கலைக்கழகம் கட்டணத்தை உயர்த்தி, உயர்த்தியதில் ஒரு பகுதியை ஏழை மாணவருக்குத் திருப்பிவிடும். இது இரண்டாவது பை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2003இல் கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரத்தை அரசுப் பல்கலைக்கழகங்களின் நிர்வாகக் குழுக்களிடம் விட்டபோது இதைச் சட்டத்திலேயே எழுதிவைத்தது. பட்டப்படிப்பு மாணவரிடம் ஒரு கிரெடிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலருக்கு மேல் வாங்கும் கட்டணத்தில் குறைந்தது 15 சதவீதத்தை உதவிக்கென ஒதுக்க வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் வேறு முகம் தெரியும். கட்டணம் 100 ஏறினால் 15 உதவிக்குப் போகிறது. அந்த 15 வருமான வரம்புக்குக் கீழே இருப்பவருக்குக் கிடைக்கும். வரம்பைத் தொட்டும் தொடாமலும் மேலே நிற்கும் குடும்பம் 100ஐயும் முழுசாகக் கட்ட வேண்டும். கடன் வாங்க ஓடுவது பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். தென்னாப்பிரிக்காவில் இவர்களை 'காணாமல்போன நடுப்பகுதி' என்றே சொல்கிறார்கள். அங்கே 2015இல் கட்டண எதிர்ப்புப் போராட்டம் வெடித்து, 2016க்கான கட்டண உயர்வு கைவிடப்பட்டது. 2017 டிசம்பரில் ஆண்டு வருமானம் 3,50,000 ராண்ட் வரை உள்ள குடும்பங்களுக்கு இலவசக் கல்வி என்று அறிவித்தார்கள். அதற்கு மேலே இருப்பவர்களின் கேள்வி அன்றும் அப்படியே நின்றது. ஒரே கோட்டில் உதவி முழுசாக அறுந்துவிடாமல், வருமானம் ஏற ஏறச் சிறிது சிறிதாகக் குறையும்படி வைப்பதுதான் இதற்கு வழி. நிர்வாகத்துக்கு அது கூடுதல் வேலை, உண்மைதான்.

மூன்றாவது பை நன்கொடையாளர் வைத்துப்போன மூலதன நிதி. இதைப் பற்றி வெளியே இருப்பவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. ஒரு கோடி நன்கொடை என்று செய்தி வந்தால் அந்த ஒரு கோடியும் மாணவருக்குப் போகும் என்று நினைக்கிறோம். அசலைத் தொடக் கூடாது. ஆண்டுக்கு நான்கு அல்லது ஐந்து சதவீதம்தான் செலவழிக்கலாம் என்பது வழக்கம். ஆக, கைக்கு வருவது நான்கைந்து லட்சம். சந்தை விழுந்த ஆண்டில் உதவியும் விழக் கூடாது என்பதற்காக, கடந்த சில ஆண்டுகளின் சராசரி மதிப்பை வைத்துத்தான் அந்தச் சதவீதத்தையும் கணக்கிடுவார்கள். இதைவிடப் பெரிய சிக்கல் நன்கொடைப் பத்திரத்தின் நிபந்தனைகளில் இருக்கிறது. இன்ன பாடம், இன்ன ஊர், இன்ன மதிப்பெண் என்று மூன்றும் சேர்ந்தால் பொருந்தும் மாணவர் ஒருவரும் இல்லாமல், பணம் ஆண்டுக்கணக்கில் தூங்கும். 'தகுதியானவர் இல்லாத ஆண்டில் அதே துறையின் வேறு தேவையுள்ள மாணவருக்கு வழங்கலாம்' என்ற ஒரு வரியைப் பத்திரம் எழுதும் நாளிலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும். நன்கொடையாளர் காலமான பிறகு அந்த வரியைச் சேர்க்கச் சில இடங்களில் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும்.

கட்டண விலக்கும் ரொக்க உதவியும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கட்டண விலக்கு என்பது பல்கலைக்கழகத்தின் பேரேட்டில் ஒரு பதிவு. அதை எவ்வளவு வேண்டுமானாலும் அறிவித்துப் பெருமைப்படலாம். விடுதிக் கட்டணம், பேருந்துச் செலவு, ஆய்வகப் பொருள், கணினி இவற்றுக்குக் கையில் காசு வேண்டும். 'முழுக் கட்டண விலக்கு' பெற்ற மாணவர் கடன்காரராக வெளியே வருவதில் அதிசயம் எதுவும் இல்லை.

வெளியார் உதவி கிடைத்தவுடன் பல்கலைக்கழகம் தன் உதவியை அதே அளவுக்குக் குறைத்துக்கொள்ளும் பழக்கமும் பல இடங்களில் உண்டு. ஊர்ச் சங்கம் 1,000 கொடுத்தால் பல்கலைக்கழகம் 1,000ஐ எடுத்துக்கொள்ளும். மாணவர் நிலை மாறாது. அமெரிக்காவில் இதை அரசுப் பல்கலைக்கழகங்களுக்குச் சட்டம் போட்டுத் தடுத்த முதல் மாநிலம் மேரிலாண்ட், 2017இல். வெளியார் தொகையை முதலில் கடனைக் குறைக்கவும், அதற்குப் பிறகே மானியத்தைக் குறைக்கவும் பயன்படுத்துவது என்ற எளிய வரிசையைப் பின்பற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்தது தேதி. கட்டணம் பருவத்தின் முதல் வாரத்தில், உதவித்தொகை பருவம் முடியும்போது. இந்த இடைவெளியை யார் தாங்குவது? பல்கலைக்கழகம் தாங்காவிட்டால் மாணவர் தாங்குவார். அதாவது கைமாற்று, நகை அடகு, தாமதக் கட்டணம். இந்தியாவில் பட்டியல் சாதி மாணவர்களுக்கான மெட்ரிக் மேற்படிப்பு (பத்தாம் வகுப்புக்கு மேலான படிப்பு) உதவித்தொகையில் ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கீட்டை 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஏற்றது. மாநிலம் முதலில் தன் பங்கைச் செலுத்தும். பிறகு ஒன்றியத்தின் பங்கு மாணவர் வங்கிக் கணக்குக்கே வரும். இடைத்தரகு ஒழிந்தது நல்லதுதான். ஆனால் கல்லூரிக்கு வரவேண்டிய கட்டணமும் இப்போது மாணவர் கையைக் கடந்துதான் வர வேண்டும். இரண்டு பங்கும் இரண்டு தேதியில் வந்தால் கல்லூரி 'முதலில் நீ கட்டு, வந்ததும் எடுத்துக்கொள்' என்கிறது. இடைக்காலத்தில் வீட்டில் ஒரு மருத்துவச் செலவு வந்தால் போதும், வந்த பணம் அதில் கரைந்து மாணவர் நிலுவைக்காரர் ஆகிவிடுவார். உதவித்தொகை ஏற்கப்பட்ட மாணவரின் பெயருக்கு எதிரே 'மாணவரிடமிருந்து வரவேண்டியது' என்று எழுதாமல் 'அரசிடமிருந்து வரவேண்டியது' என்று எழுதினால் தாமதக் கட்டணம் தானாக ஏறாது. ஹால் டிக்கெட்டும் நிற்காது. மென்பொருளில் இது ஒரு குறியீட்டு மாற்றம்தான்.

இடையில் படிப்பை நிறுத்துபவருக்கு நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். அமெரிக்காவில் ஒன்றிய அரசின் உதவி பெறும் மாணவர் பருவத்தின் 60 சதவீத நாளைக் கடந்துவிட்டால், அந்தப் பருவத்துக்கான உதவி முழுவதும் அவர் 'ஈட்டியது'. அதற்கு முன் விலகினால் இருந்த நாட்களின் விகிதம் மட்டுமே ஈட்டியது. 105 நாள் பருவத்தில் 42ஆம் நாள் ஒருவர் விலகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உதவி 5,000 டாலர். அதில் பல்கலைக்கழகம் கட்டணமாக எடுத்துக்கொண்டது 4,000. இருந்தது 40 சதவீத நாள். ஈட்டியது 2,000, ஈட்டாதது 3,000. பல்கலைக்கழகம் தான் எடுத்த 4,000இல் 60 சதவீதம், அதாவது 2,400 டாலரை 45 நாட்களுக்குள் அரசுக்குத் திருப்பி அனுப்பியாக வேண்டும். மாணவரோ கட்டணம் திரும்பப்பெறும் கெடுவைத் தாண்டிவிட்டார். எனவே அவருக்கு 4,000 கட்டணமும் அப்படியே நிற்கிறது. விளைவு, படிப்பும் இல்லாமல் 2,400 டாலருக்கு ஒரு பில். இது வங்கிக் கடனும் அல்ல, அரசுக் கடனும் அல்ல. தவணைச் சலுகை, வட்டி மானியம் எதுவும் இதற்குக் கிடையாது. அதே மாணவர் 64ஆம் நாள் விலகியிருந்தால் அந்த 2,400 இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால், வருகைப் பதிவு கட்டாயமில்லாத நிறுவனங்களில் பருவத்தின் நடுநாளையே விலகிய நாளாக வைத்துக்கொள்ளலாம். விலகல் படிவத்தின் முதல் பக்கத்தில் அந்த 60 சதவீத நாள் முடியும் தேதியை அச்சிட்டால் என்ன குறைந்துவிடும் என்று தெரியவில்லை.

நிலுவையை வசூலிக்கப் பல்கலைக்கழகத்திடம் இருக்கும் ஆயுதம் சான்றிதழ். மதிப்பெண் பட்டியலையும் பட்டத்தையும் பிடித்து வைத்தால் மாணவர் கட்டிவிடுவார் என்பது நம்பிக்கை. ஆனால் பட்டம் இல்லாமல் வேலை இல்லை; வேலை இல்லாமல் நிலுவை தீராது. பிரிட்டனில் நூலக அபராதம், விடுதிப் பாக்கி போன்றவற்றுக்காகப் பட்டமளிப்பைத் தடுப்பது நுகர்வோர் சட்டத்தை மீறக்கூடும் என்று அங்கே அப்போதிருந்த நியாய வணிக அலுவலகம் 2014இல் எச்சரித்தது. கலிஃபோர்னியாவில் நிலுவைக்காக மதிப்பெண் பட்டியலைப் பிடித்துவைப்பதை 2020 முதல் சட்டம் தடுக்கிறது. இந்தியாவில் சேர்க்கையின்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்தது. விலகும் மாணவருக்குக் கட்டணத்தை எந்தெந்தக் கெடுவில் எத்தனை சதவீதம் திருப்ப வேண்டும் என்றும் அதே அறிவிப்பில் வரையறுத்தது. அறிவிப்புப் பலகையில் அதை ஒட்டிய நிறுவனங்கள் எத்தனை என்று உங்கள் நிருபர்கள் ஒரு நாள் சுற்றிப் பார்க்கலாம்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2011இல் ஒரு சிறு உதவித் திட்டத்தைத் தொடங்கியது. சிறு நிலுவைக்காகப் பதிவிலிருந்து நீக்கப்படவிருக்கும் மாணவர்களின் பட்டியலை நிர்வாகமே எடுத்து, படிப்பை முடிக்கும் தறுவாயில் உள்ளவர்களுக்கு 2,500 டாலர் வரை நிலுவையை அடைத்தது. மாணவர் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியதில்லை. தரவு ஏற்கெனவே நிதிப்பிரிவின் கையில் இருக்கிறது. ஒரு மாணவரை இழந்தால் மீதிப் பருவங்களின் கட்டணமும் போய்விடும் என்பதால், இது தர்மக் கணக்கில் மட்டும் எழுத வேண்டிய செலவல்ல.

கடனுக்கு வருவோம். இதில் பார்க்க வேண்டியது மொத்தத் தொகையைவிடத் தவணை எதைப் பொறுத்தது என்பது. ஆஸ்திரேலியா 1989இல் தொடங்கிய முறையில் மாணவர் படிக்கும்போது கட்ட வேண்டியதில்லை. வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் வரித்துறை வழியாகப் பிடித்தம் ஆகும். வேலை போனால் தவணையும் நின்றுவிடும். இங்கிலாந்தில் 2023 ஆகஸ்டிலிருந்து சேர்ந்தவர்களுக்கு 25,000 பவுண்டுக்கு மேல் உள்ள வருமானத்தில் 9 சதவீதம், 40 ஆண்டு வரை. 30,000 பவுண்டு சம்பளக்காரர் ஆண்டுக்குக் கட்டுவது 450. அவர் கடன் 50,000 ஆக இருந்து வட்டி 3 சதவீதமானால் வட்டி மட்டும் 1,500. தவணை ஒழுங்காகப் போகும், கடனும் வளரும். இதைப் பார்த்து இளைஞர்கள் பதறுவது இயல்பு. ஆனால் மீதி ஏறுவது வேறு, மாதத் தவணை கட்ட முடியாமல் தவறுவது வேறு. இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. விலைவாசிக் குறியீட்டோடு கடனைக் கட்டிவைத்த ஆஸ்திரேலியாவில் 2023இல் நிலுவை ஒரே வீச்சில் 7.1 சதவீதம் ஏறியது. கூலி உயர்வு குறைவாக இருந்தால் அதையே அளவுகோலாகக் கொள்வது என்று சட்டத்தைத் திருத்தி, முன்தேதியிட்டுச் சரிசெய்தார்கள். ஜெர்மனியின் உதவித்திட்டத்தில் பாதி மானியம், பாதி வட்டியில்லாக் கடன். மாதம் 130 யூரோ வீதம் 77 தவணை, ஆக 10,010 யூரோவுக்கு மேல் எவரும் கட்ட வேண்டியதில்லை. படிப்பில் சேரும் நாளிலேயே உச்சத்தொகை தெரிந்திருப்பது கிராமத்திலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தவறும் கடனுக்கு நிறுவனத்தையும் பொறுப்பாக்குவது அமெரிக்க வழி. கடன் வாங்கியவர்களில் மூன்று ஆண்டுக்குள் தவறியோர் விகிதம் தொடர்ந்து மூன்று முறை 30 சதவீதத்தைத் தொட்டாலோ, ஒரே முறை 40ஐத் தாண்டினாலோ அந்த நிறுவனம் ஒன்றியக் கடன் திட்டத்திலிருந்து விலக்கப்படலாம். எண்ணத்தில் தவறில்லை. அளவுகோல் தெரிந்தால் அளவுகோலை ஏமாற்றவும் தெரியும். சில நிறுவனங்கள் அமர்த்திய ஆலோசகர்கள், முன்னாள் மாணவர்களைத் தவணை நிறுத்திவைப்புக்குத் தள்ளினார்கள் என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் 2018இல் எழுதியது. நிறுத்திவைத்த காலத்திலும் வட்டி ஓடும். மூன்றாண்டுக் கண்காணிப்பு முடியும்வரை தவறல் கணக்கில் வராமல் இருந்தால் நிறுவனத்துக்குப் போதும். வருமானம் சார்ந்த தவணைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அந்தத் தொலைபேசி அழைப்பில் சொல்லியிருந்தால் பலருக்கு வட்டி மிச்சமாகியிருக்கும்.

இனி உதவித்தொகை அறிவிப்பு எதைப் பற்றிச் செய்தி எழுதினாலும், அத்துடன் இவற்றையும் பல்கலைக்கழகத்திடம் கேட்டு வெளியிட வேண்டுகிறோம்: கட்டணக் கெடுவுக்கும் பணம் வரவான தேதிக்கும் இடையே எத்தனை நாள், அந்தப் பருவத்தில் நிலுவைக்காகப் பதிவோ தேர்வோ சான்றிதழோ நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் இறுதியாண்டு மாணவர் எத்தனை பேர், ஒவ்வொருவரும் கட்ட வேண்டியிருந்தது எவ்வளவு.

இப்படிக்கு,
உயர்கல்வி நிதித் துறை அறிந்த வாசகர்கள்