புரட்டாசிக்கு முன்னால் எங்கள் விதை வேண்டும்

வேளாண் திட்டங்களை நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஆடி மாதக் கடைசியில் எங்கள் பக்கத்தில் நடந்த பயிற்சி முகாமுக்கு நானும் வந்திருந்தேன். பருவநிலை மாறுகிறது, பாரம்பரிய நெல்லுக்குத் திரும்புங்கள், யூரியாவைக் குறையுங்கள் என்று சொன்னீர்கள். எல்லாம் சரியான பேச்சு. நம்பிக்கையோடு வீட்டுக்கு வந்தேன். மறுவாரம் விதை வாங்கப் போனால் எங்கள் பக்கத்துப் பாரம்பரிய நெல்லான சித்திரைக்கார் இல்லை, குழியடிச்சானும் இல்லை. ஆற்றுப் பாசனத்துக்குத் தோதான குட்டை ரகம் மட்டும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. அப்புறம் உரக்கடைக்குப் போனால், இன்னொரு டப்பாவையும் சேர்த்து வாங்கினால்தான் யூரியா என்கிறார்கள். முகாமில் கேட்டதில் எதைத்தான் நான் செய்வது?

எங்கள் வயல் கடலிலிருந்து இரண்டு மைல். புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பவர்கள் நாங்கள். இது உங்களுக்குத் தெரியும். முந்தின வருடமும் இதே கதையாகி, வேறு வழியில்லாமல் குட்டை ரகத்தை வாங்கி விதைத்தோம். ஐப்பசி மழையில் பயிர் நன்றாகத்தான் எழுந்தது. கார்த்திகையில் இருபத்திரண்டு நாள் ஒரு பொட்டு மழை இல்லை. காலையில் போனால் வரப்போரம் உப்பு பூத்து வெள்ளையாகக் கிடக்கும். இலை நுனியிலிருந்து கருகிக்கொண்டே வந்து, கதிர் பொதி கட்டும் நேரத்தில் பயிர் அப்படியே நின்றுவிட்டது. ஆட்டுக்கிடைக்காரர் வந்து, மேய்ச்சலுக்கு விலை கேட்டார். என் வீட்டுக்காரர் வாய் திறக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். நூற்றைம்பது ஆடு வயலில் இறங்கியது. மத்தியானத்துக்குள் தூர் மட்டும் மிச்சம். என் மாமியார் அன்று வாசல் பக்கமே வரவில்லை.

எங்களுக்கு நாலு வயல் தள்ளி ஒரு பெரியவர், தன் வீட்டு நெல் குலுக்கையில் எடுத்து வைத்திருந்த சித்திரைக்காரை விதைத்திருந்தார். அதே மண், அதே மழை. அமோக விளைச்சல் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் சாப்பாட்டுக்கு நெல்லும் மாட்டுக்கு வைக்கோலும் அவருக்குக் கிடைத்தன. அந்த விதையைத்தான் கேட்கிறேன், புரட்டாசிக்கு முன்னால்.

வயலில் தண்ணீர் தேங்கி, மண்ணுக்குக் காற்று போகாதபோதுதான் மீத்தேன் கிளம்புகிறது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். புழுதி விதைப்பில் பயிரின் பாதி நாள் தண்ணீரே நிற்பதில்லை. யூரியாவிலிருந்து வரும் நைட்ரஸ் ஆக்சைடு, கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்கிறார்கள். சித்திரைக்காருக்கு, ஆடுகளை வயலில் அடைத்து எருவாக்கும் ஆட்டுக்கிடை போட்டால் போதும், மூட்டை யூரியா தேவையில்லை. பூமியைச் சூடாக்காத விவசாயம் என்று நீங்கள் தேடுவதை எங்கள் ஊர் நெடுங்காலமாகச் செய்துவந்தது. இப்போது அதற்கு விதை இல்லாமல் நிற்கிறோம்.

மழையும் பழைய மழையாக இல்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் ராமநாதபுரம் மாவட்டம் ஒரு வருடம் முழுக்கப் பார்க்கும் மழையில் அது கிட்டத்தட்ட பாதி. அப்படிக் கொட்டும் தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டிய கண்மாய்களுக்குள் சீமைக்கருவேலம் காடாக நிற்கிறது, தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால் எது என்றே தெரியவில்லை. விளைநிலத்தையும் உப்பளத்தையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996லேயே சொல்லிவிட்டது. ஆனால் இறால் குட்டைத் தண்ணீரின் உப்பு ஊறி, நான் கல்யாணமாகி வந்தபோது குடித்த கிணற்றில் இப்போது மாடுகூட வாய் வைப்பதில்லை. யாரிடம் போய்ச் சொன்னாலும் அது வேறு துறை என்கிறார்கள். பயிருக்கு எந்தத் துறை என்று தெரியுமா, ஐயா?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குட்டை ரகத்தை நிறுத்தச் சொல்லவில்லை, கண்மாய்த் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் அதை விதைக்கட்டும். கடலோர மானாவாரிக்கு மட்டும் சித்திரைக்காரும் குழியடிச்சானும், எங்கள் பக்கத்து விவசாயிகளிடமே நல்ல விலைக்கு வாங்கி, விதைப்புக்கு முன்னால் கிடங்கில் வையுங்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். விளைந்த சிவப்பு நெல்லைக் கொள்முதலில் தள்ளிவிடாமல் எடுப்பதற்கும் ஒரு வழி செய்யுங்கள்.

அந்தப் பெரியவரிடம் இரண்டு மூட்டை விதை இருக்கிறது. நூறு மணியை எண்ணி ஈரச் சாக்கில் மூன்று நாள் வைத்துப் பார்த்தேன், தொண்ணூற்றொன்று முளைத்தது. புரட்டாசிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஆள் அனுப்புங்கள், நானே கூட்டிப் போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
திருப்பாலைக்குடி பக்கத்து மானாவாரி விவசாயி ஒருத்தி