குழந்தையின் துடிப்பு குறைவாக இருந்தால்: மகப்பேறு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மகப்பேறு மருத்துவர்களுக்கும் ஸ்கேன் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

பிறவியிலேயே ஹார்ட் பிளாக் உள்ள மகளின் தாய் எழுதுகிறேன். ரத்தக்குழாய் அடைப்பு அல்ல இது. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்தூண்டல் போகாத கோளாறு. வயிற்றுத் தோலுக்கடியில் பேஸ்மேக்கரோடு அவள் பள்ளிக்குப் போகிறாள்.

கருவின் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். ஏழாம் மாதத்தில் அவளுக்கு 60கூட இல்லை. மூச்சுத் திணறல் என்று முடிவுகட்டி, அன்றே சிசேரியன் செய்துவிட்டார்கள். இதயக் கோளாறோடு குறைமாதமும் சேர்ந்துகொண்டது. அவ்வளவு சிறிய உடம்பில் பேஸ்மேக்கர் வைப்பது எத்தனை கடினம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நான் கேட்பது இதுதான். துடிப்பு விடாமல் குறைவாகவே இருந்தால், மேலறையையும் கீழறையையும் தனித்தனியே எண்ணிப் பாருங்கள். மேலறை 140, கீழறை 55 என்றால் அது ஹார்ட் பிளாக். குழந்தைக்கு நீர்கோக்காமல், இதயம் நன்றாகச் சுருங்கி விரிந்தால், பல நேரங்களில் மாதம் நிறையும் வரை கவனமாகக் காத்திருக்க முடியும். குழந்தைகள் இதய மருத்துவர் இருக்கும் இடத்தில் பிரசவத்தைத் திட்டமிடவும் அவகாசம் கிடைக்கும். முழுமையான ஹார்ட் பிளாக் மருந்தால் சரியாவதில்லை. ஆகவே எங்கே, எப்போது பிறக்கிறது என்பதே பாதி சிகிச்சை.

கூடவே தாயின் ரத்தத்தில் ஆன்ட்டி-ரோ, ஆன்ட்டி-லா என்ற எதிர்ப்பொருள்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே போய், பெரும்பாலும் 18 முதல் 24 வாரங்களுக்குள் கருவின் மின்பாதையைத் தழும்பாக்குகின்றன. உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் நோய் எனக்குக் கிடையாது. கண் எரிச்சலும் வாய் வறட்சியும் மட்டும் இருந்தன. அதை நோய் என்று யார் நினைப்பார்கள்? என்னைப் போல எந்த நோயும் கண்டறியப்படாத தாய்மார் ஏராளம்.

அடுத்த கர்ப்பத்தில் இது மறுபடி வரும் வாய்ப்பு ஏறக்குறைய 18 சதவீதம். 10 வாரம் முடியுமுன் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மாத்திரையைத் தொடங்கிய தாய்மாரிடம் அது 7.4 சதவீதமாக இருந்ததாக 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. சிறிய ஆய்வுதான், ஆனால் மாத்திரை விலை குறைந்தது, கர்ப்பத்தில் நெடுங்காலமாகப் பயன்படுவது.

எனவே ரத்தப் பரிசோதனை முடிவை டிஸ்சார்ஜ் சம்மரியில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை அந்தப் பெண் வேறு ஊரில், வேறு மருத்துவரிடம் போகக்கூடும். அவர் 10 வாரத்துக்குள் முடிவெடுக்க அந்தத் தாள் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய்